உடைந்த நடுமுள்

சந்தையில் மீன் வெட்டுபவர் பாரை மீனைப் பிளந்தபோது உள்ளே நடுமுள் ஏற்கெனவே உடைந்து, சுற்றிலும் இரத்தம் கட்டியிருந்தது. கடலில் வெடிபோட்டுப் பிடித்த மீன் இப்படித்தான் இருக்கும். சல்லி ஊரில் அம்மா சமைத்த எங்கள் வீட்டுக் குசினி நினைவுக்கு வந்தது.

அப்போது அப்பா மீனவர் சங்கத் தலைவர். மீன் பெருகும்வரை கடலுக்குள் இருக்கும் பாறைப்பக்கம் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை என்று ஊரையே கோயிலில் சத்தியம் செய்ய வைத்தவர். பள்ளிக்கூடம் முழுக்க அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தேன்.

ஒருநாள் அவர் கொண்டுவந்த பாரையை அம்மா வெட்டினார். அதற்குள்ளும் இப்படித்தான் இருந்தது.

"பாறைக்கே போனனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

அப்பா துவாயால் முகத்தைத் துடைத்தார். "மற்ற ஆக்கள் ஒருத்தரும் போறேல்லத்தானே. அதாலதான் அங்க மீன் கிடக்கு."

அந்த நேரம் பக்கத்து வீட்டுச் செல்லையா மாமா வாசல் படலையடியில் வந்து நின்றார்.

"அண்ணை, பிள்ளையளுக்குக் கறிக்கும் மீனில்லை. பாறையை எப்ப திறப்பம்?"

"இன்னும் கொஞ்சம் பொறு தம்பி. குஞ்சுகள் வளரட்டும்."

"ஓம் அண்ணை" என்று மாமா திரும்பிப் போனார். அப்பா என் தலையைத் தடவினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

மீன் வெட்டுபவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் சங்கத் தலைவரின்ர மகளல்லோ? அவர் இருந்திருந்தா இப்பிடி வெடிபோட விட்டிருப்பாரே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.