ஆடியில் கிடைத்த விடை

எங்கள் பல்கலைக்கழகப் புலத்தின் ஆண்டுச் சாதனை மலரைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆய்வுக்கு ஒரு பகுதி, கலைக்கு ஒரு பகுதி. இரண்டிலும் முதலிடத்தில் இருந்தவை ஒரே வயலிலிருந்து வந்தவை என்பதை மலர்க்குழுவில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்தும் எழுதிக் கொடுத்தேன்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் இருக்கிறது அந்த வயல். குத்தகைக்கு எடுத்து ஓர் அக்கா அதில் சம்பா போடுகிறார். நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது குறித்த ஆய்வுக்காக, அவருடைய ஆழ்குழாய்த் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்துவர ஆனி மாதம் முழுவதும் போய்வந்தேன். வெயிலில் நிற்கவிடாமல் உள்ளே அழைத்துச் சோறு போட்டார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்.

“ஏம்மா, ஆத்துத் தண்ணி வராத நாள்ல இந்த போர் தண்ணிய பயிருக்கு விடலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லிடுங்க.”

“கண்டிப்பா சொல்றேங்க்கா” என்றேன்.

ஆடியில் முடிவு வந்தது. விடக் கூடாது, அந்தத் தண்ணீர் இளம்பயிரைக் கருக்கிவிடும். ஊருக்குச் சொல்ல என் நெறியாளரான பேராசிரியரிடம் அனுமதி கேட்டேன்.

“கட்டுரை அச்சாகட்டும். அதுக்கு முன்னாடி ஒரு நம்பர் வெளிய போகக் கூடாது. நாம என்ன வேளாண்மை ஆபீஸா நடத்துறோம்?”

அவருக்கு அது வேடிக்கை. நானும் சிரித்துவைத்தேன், என் பட்டம் அவருடைய கையெழுத்தில் இருந்தது. எண்களைச் சொல்லாமல், ‘வேண்டாம்’ என்று ஒரு சொல்லைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அதையும் நான் செய்யவில்லை.

ஆவணியில் அக்கா விதைத்தார். புரட்டாசியில் வாய்க்கால் வறண்டதும் மோட்டாரைப் போட்டார். பயிர் நுனியிலிருந்து கருகியது. எங்கள் புலத்தின் கலை மாணவர் ஒருவர் அந்த வயலைப் படமெடுத்தார். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் முதல் பரிசு. ‘மழை பொய்த்த மண்’ என்று அதற்குத் தலைப்பிட்டிருந்தார்கள். பழியை வானத்தின்மேல் போடுவது எவ்வளவு வசதி!

மறு ஆனியில், அச்சான மலருடன் அக்காவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவரே வாங்கிப் படித்தார். ‘ஜூலை இறுதியிலேயே முடிவுகள் பெறப்பட்டன’ என்று எங்கள் வேகத்தைப் பெருமையாக நான் எழுதியிருந்த வரியில் அவருடைய விரல் நின்றது.

“ஜூலை கடைசின்னா ஆடி தானே?”

“ஆமாங்க்கா.”

“நான் வெதச்சது ஆவணியில. கெட்ட தண்ணியா இருந்தா அந்தப் பொண்ணு ஓடியாந்து சொல்லியிருக்கும், சொல்லல, அப்ப நல்ல தண்ணிதான்னு அக்கம்பக்கத்துலயும் சொன்னேன். அவங்களும் மோட்டாரப் போட்டாங்க.” மலரை என் கையில் திணித்தார். “போட்டோ புடிச்சு பிரைசு வாங்குனீங்களே, அத வெதச்சா ஒரு மரக்கா நெல்லு வெளையுமா?”

பையில் உப்பளக்கும் சிறு கருவி இருந்தது. அதை எடுத்து, “எல்லாரையும் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க்கா” என்றேன்.

புட்டியும் சொம்புமாக வந்தார்கள். ஒவ்வொன்றாக அளந்து உரக்கச் சொன்னேன்: இது ஆகாது, இதுவும் ஆகாது, இது பரவாயில்லை. பாதியில் பேராசிரியர் அழைத்தார். அவருக்குச் செய்தி எப்படிப் போனதோ.

“நம்ம டேட்டாவத் தெருவுல வச்சு விக்கிறியாமே?”

“விக்கலைங்க சார். சொல்லிக்கிட்டிருக்கேன்.”

என் பட்டத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். அக்கா அடுத்த சொம்பை நீட்டினார்.