ஆறு படகும் ஒரு மாற்றலும்

கோவில்பத்து உத்திராபதி இங்கிலீஷ் வாத்தியாராகி இருபத்திரண்டு வருஷம். அவர் ஒரு வரி வாசிப்பார், பிள்ளைகள் அதையே திருப்பிக் கத்தும். அர்த்தம் யாருக்கும் தெரியாததால் வகுப்பில் கருத்து வேறுபாடே வந்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே பயம் ஏனாம். புதுச்சேரி சர்க்கார் உத்தியோகஸ்தர்களை எந்த நேரமும் தூக்கிப் போடக்கூடிய, வெகு தூரத்தில் உள்ள, தெலுங்கு பேசும் ஊர். போன தையில்தான் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தார்.

இந்த நேரத்தில் மூன்று நாள் பயிற்சி. இனிமேல் குழுவாகப் படிக்க வேண்டுமாம், அதுவும் விளையாட்டாக. குழுவுக்கு நாலு பேர்: ஒருவர் வாசிக்க, ஒருவர் அர்த்தம் தேட, ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் கதையைச் சொல்ல. தினமும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். நன்றாகச் செய்தால் புள்ளி. மாதக் கடைசியில் அதிகாரி வருவார், சரியில்லாதவருக்கு ஏனாம்தான் என்ற வதந்தி சமோசாவோடு சேர்ந்து விநியோகமானது.

மண்டபத்தூர் பள்ளிக்குத் திரும்பியவர் எட்டாம் வகுப்புச் சுவரில் ஒரு காகிதக் கடலை ஒட்டினார். குழுவுக்கு ஒரு படகு, மொத்தம் ஆறு. புள்ளி ஏற ஏற படகு நகரும். மீன்பிடிக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்குப் படகைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆளுக்கொரு வேலை, வருவதில் எல்லாருக்கும் பங்கு. வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையையே தினமும் வாசிக்க விட்டுவிட்டு, மற்ற மூன்று பேரும் வேறு வேலை பார்த்தார்கள். ஆறு படகும் பறந்தன. உத்திராபதி படமெடுத்து வாட்ஸப்பில் போட்டார். ஒரே குரல்தான் கேட்கிறது என்பது படத்தில் தெரியாதல்லவா.

அதிகாரி வந்தார். நேராகச் செல்வின் என்ற பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னார்.

"எங்க போட்டுல படிக்கிறது ஆக்சிலியாங்க சார். நான் இன்ஜின்."

"இன்ஜின்னா?"

"அவ படிச்சு முடிச்சதும் கைதட்டி, சாரைக் கூப்பிட்டுப் புள்ளி போட வைப்பேங்க."

உத்திராபதியின் கண்முன் ஏனாம் பஸ் வந்து நின்றது. அதிகாரியோ உற்சாகமாகிவிட்டார். பணிப்பகிர்வு, கூட்டுணர்வு, உள்ளூர்ப் பண்பாடு என்று நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றும் பயிற்சிக் கையேட்டில் இருந்த வார்த்தைகள்.

"உங்கள மாதிரி ஆளுதான் வேணும். ரெண்டு வருஷம் ஏனாம் போயி அங்க உள்ள டீச்சருங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

உத்திராபதி சர்வீஸில் முதல் தடவையாக ஓர் அதிகாரியிடம் உண்மையைச் சொன்னார்.

"சார், இதுல ஆறு பேருக்குத்தான் சார் படிக்கவே தெரியும்."

அதிகாரி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று தலைமையாசிரியை தாமரைச்செல்வியிடம் வியந்துவிட்டு, உத்தரவை அன்று சாயங்காலமே அனுப்பச் சொன்னார்.