நந்தி பார்க்க வந்த மோட்டார் படகு

எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம், மேட்டூர் அணைத் தண்ணீரில் நடந்தது இது. வருஷம் சரியாக நினைவில்லை. என் சின்ன மகன் அப்போதுதான் நடை பழகியிருந்தான், அதை வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் நடந்தது ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் தப்பில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் பரிசலில் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பரிசலில்தான் போவார்கள். அவர் துடுப்புப் போடுவார், நான் வலை விடுவேன். சாயங்காலம் வலை விட்டால் விடிந்ததும் போய் எடுப்போம். மூங்கிலில் பின்னித் தோல் போர்த்திய வட்டப் பரிசல் அது. முன்பக்கம் பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. நினைத்தவுடன் விலகி ஓடவும் அதனால் முடியாது. அதுவும் வலையைக் கையில் பிடித்திருக்கும்போது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. வலை தண்ணீரில் இருக்கும்போது எதிரே வேறு பரிசல் வந்தால் வலைக்காரர் "வலையோ வலை!" என்று குரல் கொடுப்பார். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டால் சுற்றிக்கொண்டுதான் போவான். இது எந்த ஆபீசும் போட்ட சட்டமில்லை. ஆனாலும் ஒருத்தர் மீறி நான் பார்த்ததில்லை.

கோடையில் அணையில் தண்ணீர் இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் முழுகிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும். அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். வரட்டும், பார்க்கட்டும், யார் வேண்டாம் என்றது? அந்த வருஷம் ஒரு ஆபீசின் மோட்டார் படகில் பெரிய அதிகாரிகள் தங்கள் விருந்தாளிகளைக் கூட்டிவர ஆரம்பித்தார்கள். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப் போவதில்லை. தண்ணீர் குறைந்த காலத்தில் எங்களுக்கும் அந்த இடத்தில்தான் மீன் படும். ஆக, அவர்கள் போகிற வழியும் எங்கள் வலை கிடக்கிற இடமும் ஒன்றாகிப் போனது. ரெண்டு மூன்று பேருக்கு வலை அறுந்தது. போய் முறையிட்டதற்கு, வலையை ஓரமாகப் போடுங்கள் என்று பதில் வந்தது. மீனை ஓரமாக வரச் சொல்லி யார் உத்தரவு போடுவது?

அன்றைக்குக் காலை எட்டு மணி இருக்கும். பாதி வலை எடுத்தாகிவிட்டது. நல்ல கட்லா மீன் ரெண்டு விழுந்திருந்த சந்தோஷத்தில் இருந்தேன். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. பரிசலில் எழுந்து நிற்க முடியாது, கவிழ்ந்துவிடும். உட்கார்ந்தபடியே தொண்டை கிழிய "வலையோ வலை!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் துடுப்பைத் தூக்கி ஆட்டினார். படகு கொஞ்சம்கூட வேகம் குறையாமல் நேராக வந்து, எங்களுக்குப் பத்தடி தள்ளிப் பாய்ந்து போனது. அலை வந்து பரிசலைத் தூக்கிச் சாய்த்ததில் நான் தண்ணீருக்குள் விழுந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் நைலான் வலை காலில் சுற்றிவிட்டால் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் தப்ப முடியாது. எனக்குச் சுற்றிவிட்டது. வலையின் மறுமுனை படகின் அடியில் சுழலும் விசிறியில் மாட்டி இழுக்க, நான் உள்ளே போய்க்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் ரெண்டும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டுப் போயின. என் வீட்டுக்காரர் கத்தியோடு குதித்து, என் காலைத் தடவித் தடவி வலையை அறுத்து, தலைமுடியைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். அந்த மனுஷன் இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை.

பரிசல் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, குடித்த தண்ணீரைக் கக்குகிறேன். விசிறியில் வலை சிக்கியதால் படகும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. அதன் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விருந்தாளி எங்களைப் பார்த்துக் கேமராவைத் தூக்கிப் படம் பிடித்தார். கை கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை பாருங்கள், படம் பிடிக்கத் தோன்றியிருக்கிறது! உள்ளே இருந்த அதிகாரி எங்களைத்தான் திட்டினார். கண் தெரியவில்லையா, படகு போகிற வழியில் என்ன வேலை என்று ஒரே கூச்சல். கடைசியில் விசிறியில் சிக்கியதை எடுத்துவிடவும் எங்களையே கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் போனார். உச்சிவெயில் வரை தண்ணீரில் கிடந்து, எங்கள் வலையை எங்கள் கத்தியாலேயே துண்டு துண்டாக அறுத்து எடுத்து அவர்களை அனுப்பி வைத்தார். ஒரு வாய்வார்த்தைகூட நல்லதாகச் சொல்லாமல் போனார்கள்.

நாலாம் நாள் காகிதம் வந்தது. வேண்டுமென்றே படகுப் பாதையில் வலை போட்டு விருந்தினர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினோமாம். விசாரணை முடியும் வரை எங்கள் மீன்பிடி லைசென்ஸ் நிறுத்தம். செத்துப் பிழைத்தவள் நான், ஆபத்து அவர்களுக்காம்! லைசென்ஸ் இல்லாமல் தண்ணீரில் இறங்கினால் பரிசலையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்களுக்கு வேறு தொழிலும் தெரியாது, காடு கழனியும் கிடையாது. பத்து நாள் கரையில் கவிழ்த்து வைத்த பரிசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். "ஓமலூர்ப் பக்கம் செங்கச் சூளைக்குப் போயிரலாம் புள்ள" என்று அவர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கோபத்தையெல்லாம் படகு ஓட்டினவன் மேல்தான் காட்டினேன். ஒரு நாள் கரையில் அவனைக் கண்டதும், நீ நாசமாப் போக என்று மண்ணை வாரித் தூற்றினேன். இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது அவனுக்கு. வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்தான். நான் எங்கே கேட்டேன்?

விசாரணைக்குச் சேலத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கனத்த உடம்பு, தடித்த கண்ணாடி, பளபளவென்று பூட்ஸ். கரையோரப் பங்களாவில் மேசை போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குப் படகிலிருந்து திட்டி, எங்கள் மேல் புகாரும் எழுதின அதிகாரி வரவேயில்லை, அவர் எழுதின காகிதம் மட்டும் வந்திருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று என் வீட்டுக்காரர் வீட்டிலேயே சொல்லித்தான் கூட்டிப் போனார். நானும் சும்மாதான் இருந்தேன், அந்தக் கேள்வி வரும் வரை.

"படகு வருவது தெரிந்ததும் ஏதாவது அடையாளம் காட்டினீர்களா?"

"கத்துனமுங்க சாமி. தொடுப்பத் தூக்கி ஆட்டுனமுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"மோட்டார் ஓடும்போது கத்தினால் எப்படிக் கேட்கும்? கண் இருக்கிறவன் பரிசலைப் பார்க்காமலா வருவான்? நீங்கள்தான் குறுக்கே போயிருக்கிறீர்கள்" என்று சொல்லிக்கொண்டே அதிகாரி எழுத ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல். "ஏனுங்க சாமி, கேக்காதுன்னு உங்களுக்கே தெரியுதுங்களே, அப்பறம் எங்க மேல எப்படிங்க குத்தம்? மேசையில உக்காந்து எழுதாதீங்க. பரிசல்ல வந்து உக்காருங்க. அந்த மோட்டார் போட்டு வரட்டும். நீங்களே கத்திப் பாருங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவரும் ரோஷக்காரர். பேனாவை மூடினார். "சரி, நான் உன் புருஷனோடு பரிசலில் போகிறேன். நீ மோட்டார் படகில் ஏறு. பரிசல் தெரிகிறதா இல்லையா என்று நீயே வந்து சொல்லு" என்றார். அவருடைய குமாஸ்தா வேண்டாம் ஐயா, வேண்டாம் ஐயா என்று பின்னாலேயே ஓடினார். விசாரணைக்கு வந்திருந்த அந்தப் படகோட்டி தயங்கித் தயங்கி, "அதே வேகத்துலயாங்க?" என்று கேட்டான். அதே வேகம் என்றார் அதிகாரி. என் வாயை அடைக்கத்தான் அவர் கிளம்பினார், அது எனக்கும் தெரியும்.

பரிசல் முதலில் போய் நந்திப் பக்கம் நின்றது. அதற்குப் பிறகு மோட்டார் படகு கிளம்பியது. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன், எனக்குப் பின்னால் படகோட்டி. வேகம் எடுத்ததும் படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அதைத் தாண்டிப் பார்த்தால், காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. எதிரே ஒரே வெள்ளை. நூறு பரிசல் நின்றாலும் எங்கள் பரிசலைத் தனியாகச் சொல்லுகிறவள் நான். எனக்குத் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை.

திடீரென்று மிக அருகில், கறுப்பாக, ஒரு வட்டம். அதில் என் புருஷன் துடுப்பைத் தூக்கி ஆட்டுகிறார். அதிகாரியின் வாய் திறந்து திறந்து மூடுகிறது, ஒரு சத்தமும் வரவில்லை. "நிறுத்து, நிறுத்து!" என்று நான் அலறினேன். ரெண்டு கை தூரத்தில் இருந்தவனுக்குக் கேட்கவில்லை. எழுந்து விழுந்தடித்துப் போய் அவன் கையைப் பிடித்துத் திருப்பினேன். படகு சாய்ந்து விலகியது. அலை மட்டும் போய்ப் பரிசலுக்குள் முழுசாகக் கொட்டியது. நல்லவேளை, கவிழவில்லை. அதிகாரி தலையோடு நனைந்து, கண்ணாடியைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, என் வீட்டுக்காரரின் இடுப்பை ரெண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

படகை நிறுத்தியதும் அந்தப் பையன் அழுதுவிட்டான். "அக்கா, அன்னிக்கும் இப்பிடித்தானுங்க. சத்தியமாத் தெரியலீங்க. முன்னால பாத்துச் சொல்ல ஒரு ஆள் உண்டுங்க. விருந்தாளி உக்கார எடம் வேணும்னு அவனை எறக்கி உட்டுட்டாங்க. வேண்டாமுங்கன்னு சொன்னனுங்க, யாரு கேட்டாங்க?" என்றான். அன்றைக்குக் கேமரா வைத்திருந்தவர் உட்கார்ந்திருந்தது அந்த ஆளின் இடத்தில். ஓர் ஆள் சுகமாக உட்கார்ந்து நந்தி பார்ப்பதற்காக என் பிள்ளைகள் தாயில்லாமல் போக இருந்தன. பழி சுமக்க ஒரு பக்கம் நாங்கள், இன்னொரு பக்கம் இந்தப் பையன். சொன்ன வார்த்தை காதில் ஏறாத கஷ்டம் எங்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அவன் வாயைத் திறந்தபோது நானும்தானே மண்ணை வாரித் தூற்றினேன்? அவன் கையைப் பிடித்து, "மனசுல வச்சுக்காத சாமி" என்றேன்.

அடுத்த வாரம் லைசென்ஸ் திரும்பி வந்தது. வலை கிடக்கும் இடத்தில் படகு மெதுவாகப் போக வேண்டும், முன்னால் பார்த்துச் சொல்லும் ஆள் இல்லாமல் கிளம்பக் கூடாது என்று உத்தரவும் வந்தது. பொய்யாகப் புகார் எழுதின அதிகாரியை யாரும் ஒரு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. காகிதத்தைக் கொடுக்க சேலத்து அதிகாரியே வந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். "நீ சொன்னது உண்மைதான் அம்மா. நேரில் பார்த்த பிறகுதான் புரிந்தது" என்றார்.

"நீங்க காஞ்ச துணியோட உக்காந்திருக்க, கரையில நின்னு நான் சொன்னப்பவும் அது உண்மைதானுங்களே சாமி" என்றேன். அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

தண்ணீரில் இறங்கிப் பார்த்த நல்ல மனுஷன் என்று ஊரே அவரைப் புகழ்ந்தது. நானும் ஒத்துக்கொள்கிறேன், அந்த அளவுக்கு வந்தவர்களே குறைவு. ஆனாலும் எங்கள் மாதிரி ஏழைபாழைகள் சொல்லும் ஒவ்வொரு உண்மைக்கும் ஓர் அதிகாரியைத் தண்ணீரில் இறக்கி நனைக்க முடியுமா என்ற ஆத்திரம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.