வானத்தில் பறந்த வெள்ளைக்காரி

ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்திருந்த நான், இரண்டாயிரங்களின் நடுவில், மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்துகொண்டு பின்னேரங்களில் கல்லூரிக்குப் போனேன். ஆங்கிலம் வாயில் வரவேண்டும் என்பதுதான் நோக்கம். வரலாறு எடுத்ததற்குக் காரணம், அந்த வகுப்புத்தான் என் வேலை நேரத்துக்குச் சரிவந்தது.

ஆசிரியர் சீட்டுக் குலுக்கித் தலைப்புக் கொடுத்தார். எனக்கு விழுந்தது, அமெரிக்கர்கள் மேற்கு நோக்கிக் குடியேறிய கதை. என்ன நம்பிக்கையில் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பத்து நிமிடம் பேசவேண்டும். மேற்குக் கடல் வரைக்கும் உள்ள நிலமெல்லாம் தங்களுக்கென்றே கடவுள் எழுதிவைத்துவிட்டார் என்று நம்பினார்களாம். மூன்று தரம் வாசித்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன். அவர் கௌபோய் படங்கள் பார்த்து வளர்ந்தவர். சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

"எங்களுக்குத் தலைவிதி எண்டால் இருக்கிற காணியும் போறதுதான். அவங்களுக்கு மட்டும் எப்பிடியப்பா காணி வந்தது?"

அந்த நம்பிக்கையை வைத்து வரைந்த பழைய ஓவியம் ஒன்றின் பிரதியை ஆசிரியர் தந்திருந்தார். பார்த்துப் பார்த்துப் பாடமாக்கலாம் என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். வெள்ளைச் சேலைபோல எதையோ சுற்றிய ஒரு பெரிய பெண் வானத்தில் மிதந்து மேற்கே போகிறாள். நெற்றியில் நட்சத்திரம், ஒரு கையில் புத்தகம், மறு கையில் தந்திக் கம்பி. கீழே வண்டிகளும் ரயில்களும் அவள் பின்னால் வருகின்றன.

கறிவேப்பிலை கேட்டு வந்த கீழ்மாடி அக்கா அந்தப் படத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவர் சைவ சமயம்தான். ஆனாலும் மலையில் இருக்கும் பெரிய தேவாலயத்துக்கும் தவறாமல் போய்வருபவர். இது எந்தக் கோயில் மாதா என்று கேட்டார். மாதா இல்லை, அமெரிக்கர்களுடைய முன்னேற்றத்தைத்தான் இப்படிப் பெண்ணாக வரைந்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் இடது மூலைக்குக் கிட்டப் போனார். அங்கே பூர்வகுடிகளும் எருமைகளும் இருட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாள் வாறா எண்டால் சனம் கும்பிட வரவேணும். இதுகள் ஏன் பிள்ளை ஓடுதுகள்?"

எழுதி வைத்திருந்த பேச்சைக் கிழித்துப்போட்டு, அந்தக் கேள்வியிலிருந்து புதிதாக எழுதினேன்.

வகுப்பில் படத்தைத் தூக்கிக் காட்டிப் பேசினேன். அக்கா செருப்பைக் கழற்றிய இடத்தைச் சொன்னபோது யாரும் சிரிக்கத் துணியவில்லை. ஏனென்றால் கடைசி வரிசையில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மோஹாக் பூர்வகுடிகளின் ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு கையை உயர்த்தி, ஓடியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டாள். நான் ஆயத்தம் செய்யாத கேள்வி. என் வாய் முந்திக்கொண்டு, "நாங்கள் மொன்றியலுக்கு வந்தோம்" என்றது. "நாங்கள் ஏற்கெனவே இங்கேதான் நின்றோம்" என்றாள் அவள். இந்த முறை ஆசிரியரும் சிரித்தார். புள்ளி நன்றாகத்தான் கிடைத்தது. ஆனால் வண்டிப் பயணத்தின் சிரமங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

நடந்ததைக் கேட்ட அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டாள், கண்ணில் தண்ணீர் வந்தும் நிறுத்தவில்லை. நான் சொல்லிக் கொடுத்த ஒரே தமிழ்ச் சொல், ஆமென்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்'. உறைக்குதோ, இன்னும் வேணுமோ, அக்கா எதைக் கேட்டாலும் ஓம் என்றாள். அவளுக்குத் தமிழ் விளங்குகிறது என்று அக்கா முடிவெடுத்துவிட்டார். ஊரில் இராணுவம் வேலியடைத்த தன் வளவின் கதையை, மாமரம் கிணறு எல்லை எல்லாம் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அவள் கையால் என்னை மறித்தாள்.

ஒரு மணி நேரம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, சரியான இடங்களில் ஓம் சொன்னாள்.