தண்ணி லாரி தேடிய லேப்

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து, கேட்டதைக் கணினி எப்படித் தேடி வரிசைப்படுத்தித் தருகிறது என்பதுதான் பாடம். போர்டில் சூத்திரம் எழுதினால் பின்பெஞ்ச் தூங்கிவிடும். அதனால் ஒரு கோடை விடுமுறையில் நானே சின்னதாக ஒரு மென்பொருள் எழுதினேன்.

நான் இருப்பது மேடவாக்கத்தில். எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் வருகிற மாதிரியே புகார்களைக் கற்பனையாக எழுதி அதற்குள் போட்டேன். "தண்ணி லாரி" என்று தேடினால் புகார்கள் வரிசையாக வரும். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மாணவர்களே கூட்டலாம், குறைக்கலாம். வரிசை கண்ணெதிரே மாறும்.

"மேம், தண்ணின்னு போட்டா மொத்தமும் வருது. லாரிக்கு மதிப்பு ஏத்தினாதான் சரியா வருது" என்றாள் ஒரு மாணவி.

"ஏன்?"

"தண்ணி இல்லாத கம்ப்ளெய்ன்டே இல்லையே மேம்! எல்லாத்துலயும் இருக்கற வார்த்தைய வெச்சு எதைப் பிரிக்கறது?"

லேப் முழுக்கச் சிரிப்பு. அந்த வகுப்பில் யாரும் தூங்கவில்லை.

துறைத் தலைவருக்கும் பிடித்துப்போனது. எல்லாப் பிரிவுகளையும் என் தலையில் கட்டினார். அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. ராஜினாமா கடிதத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன். வேலையில் சேரும்போது அவர்கள் வாங்கிக்கொண்ட என் ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரி ஆபீஸ் பீரோவில் இருந்தன. அவை இல்லாமல் பெங்களூரில் சேர முடியாது.

"காலேஜ் இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்மா. நீங்க போயிட்டா இதை யாரு பாத்துப்பா?"

"கூட இருக்கற மேமுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன் சார்."

"முடியட்டும்மா, பாக்கலாம்."

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பேராசிரியர் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, குழந்தை மாதிரி தேடித் தேடிப் பார்த்தார். எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தார்.

"பிரமாதம். இவங்கள விட்டுடாதீங்க சார்."

"விடுவோமா?" என்று துறைத் தலைவர் சிரித்தார்.

கிளம்புகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். பீரோ ஞாபகம் வந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

பெங்களூரில் சேர வேண்டிய தேதி கடந்து போயிற்று. என் இடம் வேறொருவருக்குப் போனது. சான்றிதழ்கள் இன்னும் வரவில்லை. கேட்டால் அடுத்த செமஸ்டர் என்கிறார்கள். லேப் கதவில் பொறுப்பாளர் என்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

இன்றைக்கும் ஒரு புதுப் பையன் மதிப்பை மாற்றிப் பார்த்து "அட!" என்று கத்தினால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பயமும் அதனால்தான். இந்தச் சந்தோஷத்திலேயே ரிட்டயர் ஆகிவிடுவேனோ?