வெள்ளிக்கிழமை மதியம் நிறுத்தும் விளம்பரம்

புதுக்கோட்டையில் கடைகளுக்கு ஆன்லைன் விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதே தெருவில் செல்வியும் அதே தொழிலைத் தொடங்கினாள். அன்றைக்கே என் வயிற்றெரிச்சலும் தொடங்கியது.

கந்தர்வக்கோட்டை முந்திரி வியாபாரி ஒருவர் என்னை விட்டு அவளிடம் போனார். அவருடைய விளம்பரக் கணக்கை நான் என் பெயரில்தான் திறந்திருந்தேன். கேட்டு வந்தவரிடம், "அது என் கணக்குங்க, தர முடியாது" என்று சொல்லிவிட்டேன். அவர் கடையைத் தேடி வந்தவர்களின் விவரமெல்லாம் அதில்தான் இருந்தது. செல்வி முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

சில மாதம் கழித்து, அவளிடம் இருந்த கோட்டைப்பட்டினம் கருவாட்டுக்கடை பாய், யாரோ சொன்னார்கள் என்று என்னிடம் வந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்வி கணக்கைத் தராமல் இழுத்தடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பாயே தன் போனில் கணக்கைத் திறந்து காட்டினார்; முதல் நாளிலிருந்தே அது அவர் பெயரில் இருந்தது. அன்று மாலை அவளே போன் செய்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் விளம்பரத்த நிறுத்தி வச்சிருங்க. பாய் தொழுகைக்குப் போயிருவாங்க, கடையில போன் எடுக்க ஆளிருக்காது. கூப்புடுறவங்க வெறுத்துப் போயிருவாங்க."

குத்தலாக ஒரு சொல்லாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

உடனே முந்திரிக்காரரை அழைத்து, கணக்கைத் தருகிறேன் என்றேன். "இப்ப எதுக்குங்க? செல்வி புதுசா ஆரம்பிச்சுக் குடுத்து நல்லாப் போகுது" என்றார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் பாய் கடை விளம்பரத்தை நிறுத்துகிறேன். பொறாமை இன்னும் போகவில்லை. முன்பெல்லாம் அவளுடைய வாடிக்கையாளர்களைப் பார்த்து எரிந்தேன். இப்போது அந்த ஒரு போனை நினைத்து எரிகிறேன்.