ஒரு மணி நேரத்தில் சேலம்

சென்னை விமான நிலையத்திலிருந்து சேலம் விமான நிலையம் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று போனில் தேடியதுதான் வினை. சுமார் ஒரு மணி நேரம் என்று வந்தது. எங்கள் திருவண்ணாமலையிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் நாலு மணி நேரம். மூன்று மணி நேரம் மிச்சம் என்று துள்ளிக் குதித்து டிக்கெட் போட்டுவிட்டேன். விமானம் ஏற முதலில் சென்னைக்குப் போக வேண்டும், அதற்கே ஐந்து மணி நேரம் ஆகும் என்பதை என் மனைவிதான் நினைவுபடுத்தினாள்.

"சேலம் இந்தப் பக்கம் இருக்குது, நீங்க அந்தப் பக்கம் போறீங்க. நான் ஆறு மணி பஸ் ஏறினா பத்துக்கெல்லாம் போயிடுவேன்."

"நீ பஸ்ஸுலயே வா. எனக்கு அந்த பஸ்ஸு மேல நம்பிக்கை இல்ல."

காரணம் இருந்தது. தங்கையின் மூத்த மகனுக்குக் காது குத்திய அன்று நான் போன பஸ் ஊத்தங்கரையில் பழுதாகி நின்றது. தாய்மாமன் மடி வந்து சேராததால் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். அந்த போட்டோ தங்கை வீட்டு ஹாலில் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்போது இளையவளுக்குக் காது குத்து. வியாழக்கிழமை, ஒன்றரைக்கு ராகு காலம். அதற்குள் நான் அங்கே இருந்தாக வேண்டும்.

விடியுமுன் புதுப் பேன்ட் போட்டுக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினேன். விமானம் அரை மணி தாமதமாகக் கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே ஒரு மலை தெரிந்தது. எங்கள் மலையேதான்! கோபுரங்கள் தெரிந்தன, எங்கள் வீடு இருக்கும் வேங்கிக்கால் தெரிந்தது. விடியுமுன் விட்டுவந்த வீட்டின் தலைக்கு மேலேயே, ஏழெட்டு மணி நேரம் கழித்துப் போய்க்கொண்டிருந்தேன்.

வீட்டை நினைத்ததும் பூஜை அலமாரி ஞாபகம் வந்தது. அதில் சாமி படத்துக்கு முன்னால் வைத்த கம்மல் டப்பாவும் ஞாபகம் வந்தது. தாய்மாமன் போட வேண்டிய தங்கக் கம்மல். கும்பிட்டுவிட்டு எடுக்க மறந்திருந்தேன். அது எனக்கு நேர் கீழே இருந்தது. "கொஞ்சம் நிறுத்துங்க, இறங்கிக்கிறேன்" என்று சொல்ல அங்கே கண்டக்டரும் இல்லை.

இறங்கியதும் மனைவிக்குப் போன் போட்டேன்.

"கம்மல்..." என்று இழுத்தேன்.

"வீட்டைப் பூட்டும்போதே பாத்துட்டேன். எடுத்தாந்துட்டேன். பத்து மணியிலேர்ந்து இங்கதான் இருக்கேன். நீங்க மொதல்ல வந்து சேருங்க!"

கார் பிடித்து மண்டபத்துக்குப் போனபோது ஒன்றேகால் தாண்டிவிட்டது. "வேற யாரையாச்சும் உக்கார வையும்மா" என்று ஆளாளுக்குத் தங்கையை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "எங்க அண்ணன் வர்றவரைக்கும் யாரும் குழந்தையத் தொடக்கூடாது" என்று அவள் வாசலை மறித்து நின்றாளாம். என்னைக் கண்டதும் அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் அவள் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணியும் கம்மலும் பஸ்ஸுல வந்துட்டாங்க. உன் மடி மட்டும் பிளைட்டுல வரணுமாண்ணா?"

உட்கார்ந்தேன். ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டு அழுது, என் புதுப் பேன்ட்டை முழுசாக நனைத்துவிட்டது.

தங்கை வீட்டு ஹாலில் இப்போது இரண்டு போட்டோக்கள். இரண்டாவதில் ஈரப் பேன்ட்டோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பது நான்.